ஐப்பசியில் 'வறண்ட வானிலை' என்றால் என்ன? மானாவாரி விவசாயிக்கு வயிற்றில் புளி. தீப்பெட்டி ஆபீசில் நிம்மதி!

கோவில்பட்டி:

ஐப்பசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். மழை வருமா, வராதா?

அந்த நேரம் பார்த்து டி.வி.யில் கீழே ஒரு வரி ஓடும். தென் மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவக்கூடும், இரவில் குளிர் சற்று அதிகமாக இருக்கும் என்று.

அவ்வளவுதான். கடையில் பாதி பேர் முகம் தொங்கிவிடும். மீதி பாதி பேர் 'அப்பாடா' என்று அடுத்த டீ சொல்வார்கள். பாதி ஊருக்கு கெட்ட சேதி, பாதி ஊருக்கு நல்ல சேதி. அதைவிட வேடிக்கை, பல வீடுகளில் புருசனுக்கு கெட்ட சேதி, பெண்டாட்டிக்கு நல்ல சேதி. அவர் காட்டில் உளுந்து விதைத்திருப்பார். அந்தம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு போவார்.

'வறண்ட வானிலை' என்ற அந்த வார்த்தைக்கு வானிலைக்காரர்கள் சொல்லும் அர்த்தம் என்ன? மழைக்காலத்தில் போய் அது ஏன் வருகிறது? அதைக் கேட்டதும் காட்டில் செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன? விவரமாக பார்ப்போம்.

வறட்சி வேறு, வறண்ட வானிலை வேறு

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துவிடலாம். வறண்ட வானிலை என்றதும் வறட்சி வரப்போகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு.

ஒவ்வொரு ஊரிலும் மழைமானி வைத்திருக்கிறார்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அதில் எவ்வளவு தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவார்கள். அதற்கு முந்தைய 24 மணி நேரத்து மழை அது. ஒரு பகுதியில் உள்ள எந்த மழைமானியிலும் மழை பதிவாகாது என்றால், அந்த நாளுக்கு 'வறண்ட வானிலை' என்று பெயர். ஒரு நாள், இரண்டு நாள் கணக்குதான் அது. வறட்சி என்பது மாசக்கணக்கில், சீசன் கணக்கில் பார்த்து அரசு அறிவிக்கும் விஷயம்.

அதேபோல 'ஓரிரு இடங்களில்' மழை என்று சொன்னால் நம்ம ஊருக்கும் உண்டு என்று சந்தோஷப்பட வேண்டாம். மழைமானி இருக்கும் இடங்களில் கால் பங்கு வரைக்கும்தான் மழை என்று அர்த்தம். 'ஒரு சில இடங்களில்' என்றால் பாதி வரை. 'பல இடங்களில்' என்றால் முக்கால் பங்கு வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்று சொன்னால்தான் குடையை கையில் எடுக்கலாம்.

செ.மீ. கணக்கும் அப்படித்தான். 6.45 செ.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை. 20.44 செ.மீ.யை தாண்டினால் அதி கனமழை. 1 செ.மீ. தானே என்று லேசாக நினைக்கக்கூடாது. ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர் விழுந்ததாக கணக்கு. 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்து ஊற்றினால் மூன்று லோடுக்கு மேல். ஒரு மழை தவறினால் விவசாயி ஏன் தலையில் கைவைக்கிறார் என்று இப்போது புரியும்.

கொண்டலா? வாடையா?

சரி, 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்று பெரியவர்கள் சொல்லிவைத்த மாசத்தில் வறண்ட வானிலை எப்படி வருகிறது?

எல்லாம் காற்று செய்கிற வேலை. பழைய ஆட்கள் காற்றுக்கு பேர் வைத்ததே இதனால்தான். கிழக்கே இருந்து வந்தால் கொண்டல். வடக்கே இருந்து வந்தால் வாடை. மேற்கே இருந்து வந்தால் கோடை. தெற்கே இருந்து வந்தால் தென்றல். படிக்காத தாத்தாகூட காலையில் வாசலில் நின்று காற்று எந்தப்பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் கலப்பையை தொடுவார்.

அக்டோபர் மாதம் சூரியன் தெற்கே போய்விடுகிறது. வட இந்தியாவில் நிலம் குளிர ஆரம்பிக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது அங்கிருந்து தெற்கு நோக்கி நகரும். இதுதான் வடகிழக்கு பருவக்காற்று. இயல்பாக அக்டோபர் 20-ந்தேதி வாக்கில் தமிழ்நாட்டில் மழையை தொடங்கிவைக்கும்.

இந்த காற்று கிளம்பும்போது காய்ந்த காற்றுதான். வழியில் வங்காள விரிகுடா கடல் மேல் நீண்ட தூரம் வந்தால் ஈரத்தை குடித்துக்கொள்ளும். அப்படி ஈரத்தோடு கிழக்கே இருந்து நம் கரைக்குள் நுழைந்தால் கொண்டல், மழை. அதே காற்று கடல் பக்கம் போகாமல் ஆந்திரா நிலத்து வழியாக நேராக கீழே இறங்கினால் வாடை. அதில் ஈரமே இருக்காது. குளிர் இருக்கும், உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மழை மட்டும் வராது.

கொண்டல் அடிக்கும்போதும் தினமும் மழை கிடையாது. கிழக்கே இருந்து காற்று அலை அலையாக வருகிறது. 'கிழக்கு திசை காற்றின் வேக மாறுபாடு காரணமாக' என்று செய்தியில் சொல்கிறார்களே, அது இந்த அலைதான். ஒரு அலை வந்தால் மூன்று நாலு நாள் மழை. அடுத்த அலை வரும்வரை வெயில். அந்த இடைவெளி ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். மானாவாரிக்காரன் தலையெழுத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இன்னொரு வில்லனும் உண்டு. புயல்!

புயல் வந்தால் மழை என்றுதான் நாம் நினைக்கிறோம். புயல் நம் பக்கம் வந்தால் சரி. வடக்கே ஆந்திரா, ஒடிசா, வங்கதேசம் என்று போனால் கடல் ஈரத்தை எல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். 2014 அக்டோபர் 12-ந்தேதி விசாகப்பட்டினத்தை புரட்டிப்போட்டதே ஹூட் ஹூட் புயல், அது மாதிரி வழி. அந்த நேரம் நமக்கு காற்று மேற்கே இருந்து அடிக்கும். மலையை தாண்டி வருகிற காய்ந்த காற்று. அங்கே ஊரே வெள்ளத்தில் கிடக்கும், இங்கே பயிர் வாடும்.

குளிர் ஏன் கூடுகிறது?

மழை இல்லாத ராத்திரியில்தான் குளிர் அதிகம். இது நிறைய பேருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பகலில் வெயிலில் சூடான தரை, ராத்திரியில் அந்த சூட்டை மேலே விடுகிறது. மேகம் மூடியிருந்தால் போர்வை மாதிரி சூட்டை திருப்பி கீழே அனுப்பும். அதனால் அடைமழை நாளில் ராத்திரி புழுக்கமாக இருக்கும். வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக இருந்தால் போர்வை இல்லை. சூடெல்லாம் போய்விடும். விடியற்காலையில் பற்கள் தந்தியடிக்கும். ஊட்டியில் புல்வெளியில் உறைபனி படிவதும் இதே கணக்குதான். அங்கே உயரமும் சேர்ந்துகொள்கிறது.

ஐப்பசி, கார்த்திகைக்கு தமிழில் கூதிர் காலம் என்று பேர். கூதிர் என்றால் குளிர்தான். ஆக, இந்த மாசத்தில் குளிர் வருவது புதுசு இல்லை. மழை இல்லாமல் வெறும் குளிர் மட்டும் வந்தால்தான் வயிற்றில் புளியை கரைக்கிறது.

கரிசல்காட்டில் என்ன நடக்கும்?

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி பாயும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வேறு. வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு பக்கம் வேறு. இங்கே ஆற்றுப்பாசனம் கிடையாது. கிணறும் கொஞ்சம்தான். வானம் பார்த்த பூமி. வருஷத்து மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாசத்தில்தான் விழவேண்டும்.

புரட்டாசியிலேயே டிராக்டர் வைத்து உழுது, காய்ந்த புழுதியில் விதையை போட்டுவிடுவார்கள். உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, வெள்ளைச்சோளம், பருத்தி, சூரியகாந்தி. விதை, அடியுரம், உழவுக்கூலி, களைக்கொல்லி என்று பணம் எல்லாம் முதலிலேயே மண்ணுக்குள் போய்விடும். பெரும்பாலும் அது நகையை அடகு வைத்த பணம்.

முதல் மழையில் முளைத்துவிட்டால், அடுத்த மழை எப்போது என்பதுதான் கேள்வி. கரிசல் மண்ணுக்கு ஒரு குணம். தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். செவல்காட்டில் ஒரு வாரத்தில் தலை தொங்கும் பயிர், ஆழமான கரிசலில் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடித்தால் வேர் அறுந்துபோகும், மிச்சம் இருக்கிற ஈரமும் அந்த வெடிப்பு வழியாக போய்விடும். இதற்குத்தான் களை எடுக்கும் சாக்கில் மேல் மண்ணை கிளறிவிடுவது. மேலே புழுதி இருந்தால் கீழே ஈரம் தங்கும். இதை எந்த ஆபீசரும் சொல்லித்தர தேவையில்லை, கரிசல்காட்டு பெண்கள் காலங்காலமாக செய்வது.

எந்த நாளில் வறண்ட வானிலை வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முளைத்து 20 நாள் என்றால் பயிர் தாங்கும். களை எடுக்க, மருந்து அடிக்க வெயில் வேண்டியதும்தான். உளுந்து 35-வது நாள் வாக்கில் பூ எடுக்கும். மக்காச்சோளம் 50, 60 நாளில் கதிர் விடும். அந்த நேரம் இரண்டு வாரம் மழை இல்லை என்றால் பூ கொட்டும், கதிரில் மணி பிடிக்காது. பயிர் பச்சையாகத்தான் நிற்கும், ரோட்டில் போகிறவனுக்கு நல்ல விளைச்சல் மாதிரி தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது.

அதே வறண்ட வானிலை மார்கழியில் வந்தால் கதை தலைகீழ். உளுந்து நெற்று காய்ந்து நிற்கும். அப்போது ஒரு நாள் மழை பெய்தால்கூட செடியிலேயே முளைத்து, கறுத்துப்போகும். ஐப்பசியில் மழை வேண்டும் என்று சாமிக்கு தேங்காய் உடைத்தவரே மார்கழியில் மழை வேண்டாம் என்று இன்னொரு தேங்காய் உடைப்பார். சிரிக்காதீர்கள், அவர் நிலைமை அப்படி.

பனியிலேயே வளர்கிற பயிரும் இருக்கு. கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரத்தையும் குளிரையும் வைத்தே வந்துவிடும். விளாத்திகுளம், புதூர் பக்கம் மல்லிக்கு பேர் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோயும் கூடவே வரும்

பகலில் வெயில், ராத்திரியில் குளிர், விடிகாலையில் பனி. இந்த மூன்றும் சேர்ந்தால் உளுந்து, பாசி இலையில் மாவு தூவியது மாதிரி வெள்ளை படியும். சாம்பல் நோய். மழை இல்லாத நாட்களில் வெள்ளை ஈயும் பெருகும். அது பரப்புவதுதான் மஞ்சள் தேமல் நோய். இலை மஞ்சளான செடியை பிடுங்கி அழிப்பதுதான் முதல் வேலை.

மக்காச்சோளத்துக்கு படைப்புழு. 2018-ல்தான் இந்தியாவுக்குள் வந்தது, அந்த வருஷமே தமிழ்நாட்டில் மக்காச்சோளக்காரர்களை அழவைத்தது. நல்ல மழை அடித்தால் குருத்துக்குள் இருக்கும் சின்ன புழுக்கள் அடித்துக்கொண்டு போய்விடும். மழை இல்லை என்றால் அதற்கு கொண்டாட்டம்தான்.

காய்கிற பயிருக்கு யூரியா போடுவது சிலரிடம் பழக்கம். காய்ந்த மண்ணில் போட்டால் உரம்தான் வீண். பயறுக்கு 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை இலை வழியாக தெளிக்க வேளாண்மை பல்கலைக்கழகம் சொல்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கணக்கு. முதல் நாள் ராத்திரி ஊறவைத்து, மறுநாள் தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து சாயங்காலம் தெளிக்க வேண்டும். கொதிக்கிற வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

தீப்பெட்டி ஆபீசில் வேறு பேச்சு

இனி அடுத்த பாதி ஊர். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கம் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கு வெயிலும் காய்ந்த காற்றும்தான் மூலதனம். குச்சியில் முக்கிய மருந்து காயவேண்டும். பெட்டி ஓரத்தில் பூசிய மருந்து காயவேண்டும். ஒட்டிய லேபிள் காயவேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் எல்லாம் பிசுபிசுக்கும், பதம் ஏறும், உரசினால் பற்றாது.

அடைமழை என்றால் வேலை பாதி. எண்ணிக்கைக்கு கூலி வாங்குகிறவர்களுக்கு கூலியும் பாதி. சனிக்கிழமை சம்பளத்தில்தான் அது தெரியும். ஆகவே வறண்ட வானிலை என்றதும் அவர்கள் சந்தோஷப்படுவதில் தப்பு சொல்ல முடியாது. காட்டில் பயிர் போனாலும் அரிசிக்கு வழி செய்வது அந்த கூலிதான்.

ஆனால் இதிலும் ஒரு ஆபத்து இருக்கு. காற்று ரொம்ப காய்ந்துபோனால் துணியில் மின்சாரம் ஏறும். நைலான் சேலையை கழற்றும்போது சடசடவென்று சத்தம் கேட்குமே, அதுதான். வீட்டில் அது விளையாட்டு. வெடிமருந்து பக்கத்தில் ஒரு சின்ன பொறி போதும். பருத்தி துணிதான் உடுத்த வேண்டும் என்று பட்டாசு ஆலைகளில் சொல்வது சும்மா இல்லை. குளிர்கிறது என்று பாலியஸ்டர் ஸ்வெட்டரை போட்டுக்கொண்டு மருந்து அறைக்குள் போகவே கூடாது.

தூத்துக்குடி உப்பளத்துக்காரர்களும் வறண்ட வானிலையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். மழையில் பாத்தி எல்லாம் மூழ்கி கிடக்கும். மழை நின்று சேறு எடுத்தால்தான் அடுத்த சீசனுக்கு கூலி.

ஒரு வருஷம் இப்படி, ஒரு வருஷம் அப்படி

வறண்ட நாட்கள் தொடர்ந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு 2016-ஐ யாரும் மறக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சராசரியாக 44 செ.மீ. மழை பெய்யவேண்டும். அந்த வருஷம் 17 செ.மீ.கூட தேறவில்லை. 62 சதவீதம் குறைவு. டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் சென்னையை அடித்து நொறுக்கியது. அப்படி ஒரு புயல் வந்தும் கணக்கு தேறவில்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது.

எதிர்ப்பக்கமும் பார்த்தாச்சு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை! ஒரு வருஷத்தில் பெய்யவேண்டியதை விட அதிகம் ஒரே நாளில்.

பசிபிக் கடல் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா என்கிறார்கள். எல் நினோ வருஷத்தில் நமக்கு ஐப்பசி மழை கூடும், லா நினாவில் குறையும் என்பது பொதுக்கணக்கு. 2015-ல் எல் நினோ, மழை கொட்டியது. 2016-ல் லா நினா, காய்ந்தது. சரியாக இருக்கிறதே என்று பார்த்தால், 2021-ல் லா நினா இருந்தும் சராசரியை விட 59 சதவீதம் கூடுதலாக பெய்துவிட்டது. ஆகவே வாட்ஸ்-அப்பில் வரும் 'இந்த வருஷம் மழையே இல்லை' தகவலை நம்பி விதைக்காமல் இருக்கவும் வேண்டாம், கடன் வாங்கி கூடுதலாக விதைக்கவும் வேண்டாம்.

எங்கே பார்ப்பது?

முன்பெல்லாம் ரமணன் டி.வி.யில் வந்தால்தான் வானிலை. பள்ளிக்கூட பிள்ளைகள் லீவுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். 2016-ல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை மையம் மாவட்ட வாரியாக முன்னறிவிப்பு தருகிறது. அடுத்த 3 மணி நேரத்துக்கும் தனியாக சொல்கிறார்கள்.

விவசாயிக்கு அதைவிட உபயோகமானது வேளாண் வானிலை அறிக்கை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் வரும். அடுத்த 5 நாளைக்கு மழை, காற்று, வெயில், அதற்கு தக்கபடி எந்த பயிருக்கு என்ன செய்வது என்று தமிழிலேயே இருக்கும். 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நம் கரிசல்காட்டுக்கென்றே இருப்பது. கே 12 மாதிரி 'கே' ரக சோளம் எல்லாம் அங்கே உருவானதுதான். செல்போனில் 'மேக்தூத்' செயலியிலும் அறிக்கை பார்க்கலாம்.

பயிர் காப்பீடு விஷயத்தில் ஒன்றை தெரிந்துகொள்ளுங்கள். பிரதமர் பயிர் காப்பீட்டு திட்டத்தில் ராபி பருவத்து உளுந்து, பாசி, மக்காச்சோளத்துக்கு விவசாயி கட்டவேண்டியது காப்பீட்டு தொகையில் 1.5 சதவீதம். பருத்தி மாதிரி பணப்பயிருக்கு 5 சதவீதம் வரை. மழை பொய்த்து ஒரு பகுதியில் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டு தொகையில் 25 சதவீதம் கிடைக்க வழி உண்டு. பாதி சீசனில் பயிர் வாடி, விளைச்சல் பாதிக்கு கீழே போகும் என்று தெரிந்தால் முன்பணம் தரவும் விதி இருக்கிறது. ஆனால் இதெல்லாம் வறட்சியை பொறுத்தவரை கிராமம், பிர்கா கணக்கு. உங்கள் காடு மட்டும் காய்ந்து பக்கத்து காடுகள் விளைந்திருந்தால் பணம் வராது.

பயிருக்கு பயிர் கடைசி தேதி வேறு. 'மழை வரட்டும், பார்த்துக்கொள்வோம்' என்று இருந்துவிட்டு, வறண்ட வானிலை என்று செய்தி கேட்டதும் இ-சேவை மையத்துக்கு ஓடினால் அங்கே கூட்டம் நிற்கும், சர்வர் வேலை செய்யாது. வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி, சிட்டா, ஆதார், பேங்க் பாஸ்புக் நகலோடு விதைத்த கையோடு பதிவு செய்துவிட்டு, ரசீதை பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அடங்கலில் இருக்கும் சர்வே நம்பரும் பயிரின் பேரும் ரசீதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.